அறுபத்து நான்கு பிராசஸரும் ஒரே ஒரு தட்டும்

புதிதாக வாங்கிய சர்வர் கம்ப்யூட்டருக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டியதோடு போன வாரம் விட்டிருந்தோம். எலுமிச்சம்பழம் நசுக்கச் சர்வருக்குச் சக்கரம் இல்லாதது ஒன்றுதான் குறை. பெட்டியின் நான்கு மூலையிலும் பழம் வைத்துத் தமிழ்மாறன் அதையும் ஈடுகட்டியிருந்தான்.

இந்த வாரம்தான் உள்ளே வருகிறவர்களுக்கு நாலு வரி.

அரியலூரில் 'செல்லப்பன் லாரி யார்டு' என்று தகரப் பலகையோடு இருந்ததை, அப்பா போன பிறகு 'சி.டி.எம். குளோபல் லாஜிஸ்டிக்ஸ்' ஆக்கியவன் மூத்த மகன் தமிழ்மாறன். குளோபல் என்றால் தலைமை அலுவலகம் பெரம்பலூரில், யார்டு அரியலூரில். நடுவில் முப்பது கிலோமீட்டர். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் சிமென்ட் ஆலைக்குள் போகுமுன் இந்த யார்டுக்கு வந்து வரிசை வாங்கிக்கொண்டு போக வேண்டும். அந்த வரிசையைக் கொடுக்கிற சாஃப்ட்வேரை எட்டு வருடத்துக்கு முன் ஒற்றை ஆளாக எழுதியவள் அவன் தங்கை வெற்றிச்செல்வி.

மூன்று மாதம் முன்பு அவளை வெளியே அனுப்பிவிட்டு, அவள் நாற்காலியில் தன் மனைவியின் தம்பி பாலாஜியை உட்காரவைத்தான். சாஃப்ட்வேரின் முதல் பக்கத்தில் இருந்த அவள் பெயர் போய், அங்கே அண்ணன் போட்டோ வந்தது. கூலிங் கிளாஸோடு.

செல்வி துறைமங்கலத்தில் தனியாக வீடு எடுத்துக்கொண்டாள். பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் டேட்டாபேஸ் பாடம் நடத்துகிறாள். அண்ணனைப் பழிவாங்க அவள் இதுவரை ஒன்றுமே செய்யவில்லை. அதுதான் அவள் திட்டம்.

இன்று அந்தத் திட்டத்துக்கு நாள்.

ஆலையின் போக்குவரத்து மேலாளர் காசிநாதன் வைத்த பரீட்சை இதுதான்: காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நாலு மணிக்குள் அறுநூறு லாரி யார்டுக்குள் போக வேண்டும். போனால் ஐந்து வருட ஒப்பந்தம். போகாவிட்டால் திருச்சிக் கம்பெனி ஒன்று வாசலில் காத்திருக்கிறது.

ஒன்பது நாற்பதுக்கு செல்வியின் போன் அடித்தது. தங்கை தமிழ்மொழி. யார்டு ஆபீஸில் வரவேற்பு மேஜை அவளுக்கு. வீட்டில் இன்னும் செல்வியோடு பேசுகிற ஒரே ஆள்.

"அக்கா, இருபத்தொண்ணு."

"எது இருபத்தொண்ணு?"

"உள்ள போன லாரி. நாப்பது நிமிஷத்துக்கு. பதினாறு கேட்டு தொறந்து வெச்சிருக்காங்க, ஒண்ணும் நவுரல. பழைய டப்பாவே இதவிட நல்லா ஓடும்க்கா."

"பாலாஜி என்ன பண்றான்?"

"சர்வர் ரூம்ல ஏசிய பதினாறுல வெச்சிட்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். அண்ணன் பந்தல்ல கெஸ்ட்டுக்கெல்லாம், அறுபத்து நாலு பிராசஸர், அறுபத்து நாலு பிராசஸர்னு சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. ஒரு பெரியவரு, அதுல எத்தினி பேரு லீவுன்னு கேட்டுட்டாரு."

செல்வி சிரித்தாள். போனை வைத்த பிறகும் தனியாகச் சிரித்தாள். பிறகு தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். அவசரம் அவளுக்கு இல்லை.

அங்கே என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரியும்.

அப்பா காலத்தில் நாளைக்கு எட்டு லாரி வரும். உள்ளே வருகிற லாரியின் முகப்பில் செல்லப்பன் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டு விழாமல் எந்த டிரைவரும் கியர் போட மாட்டான். இன்றைக்கும் அந்த வட்டாரத்தில் "உள்ள விட்டாங்களா?" என்று கேட்க மாட்டார்கள். "தட்டு விழுந்துச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

மகனுக்கு வெயிலில் நின்று தட்ட முடியாது. கையில் மோதிரம் வேறு. அதனால் தன் அறைச் சுவரில் ஒரு பெரிய டி.வி.யை மாட்டி, ஒரு லாரி உள்ளே போனால் அதில் எண் ஒன்று கூட வேண்டும், 'டங்' என்று மணி அடிக்க வேண்டும் என்றான். எண்ணிக்கையில் ஒன்றுகூடத் தப்பக் கூடாது, ஒரு நொடிகூடத் தாமதிக்கக் கூடாது. அப்பா கைக்குப் பதில் இது.

பாலாஜி செய்து கொடுத்தான். டேட்டாபேஸில் அந்த எண்ணுக்கென்று ஒரே ஒரு வரி. லாரி கேட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த வரியைப் பூட்டிக்கொள்ளும். பிறகு எடை பார்க்கும், நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுக்கும், குவாரிச் சீட்டைச் சரிபார்க்கும். எல்லாம் முடிந்து மணி அடித்த பிறகுதான் பூட்டை விடும். அதுவரை வேறெந்த லாரியின் கணக்கும் அந்த வரியைத் தொட முடியாது. அந்த வரிக்குப் பாலாஜி வைத்த பெயர்: 'எம்.டி. தட்டு'.

நாலு பிராசஸர், நாலு கேட்டு என்று இருந்தவரை யாருக்கும் வலி தெரியவில்லை. இன்று அறுபத்து நான்கு தச்சர்களை வேலைக்கு வைத்து ஒரே ஒரு உளியைக் கொடுத்திருந்தார்கள். உளி கிடைக்காத அறுபத்து மூன்று பேரும் சும்மாவாவது உட்கார்ந்திருக்கலாம். அப்படியும் இல்லை. "ஆச்சா? ஆச்சா?" என்று நொடிக்கு நூறு தடவை கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்பதும் வேலைதான். உளி வைத்திருந்தவனின் நேரமும் அதிலேயே போய்க்கொண்டிருந்தது.

பாலாஜி இதைச் சேர்த்ததைத் தமிழ்மொழி சொல்லக் கேட்டு, இப்படி ஆகும் என்று செல்வி மூன்று மாதம் முன்பே மெயிலில் எழுதி அனுப்பியிருந்தாள். பாலாஜி பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பியிருந்தான்.

பதினொரு மணிக்குப் பாலாஜியே கூப்பிட்டான்.

"மேடம், நான் பாலாஜி. ஒரு சின்ன விஷயம்."

"எந்த பாலாஜி?"

"என்ன மேடம்... டெக்னாலஜி டைரக்டர் பாலாஜி."

"அப்படிங்களா. டைரக்டருங்க எனக்கெல்லாம் போன் பண்ணுவாங்களா? சொல்லுங்க."

"சிஸ்டம் நல்லாத்தான் ஓடுது. மீட்டர்ல எல்லா பிராசஸரும் நூறு பர்சன்ட் காட்டுது. ஃபுல் கெப்பாசிட்டி. லாரிதான் போவ மாட்டேங்குது."

"லாரிய மாத்திப் பாருங்களேன்."

"காமெடி பண்ணாதீங்க மேடம். நான் கனெக்‌ஷன் எண்ணிக்கைய ரெண்டு மடங்காக்கிட்டேன். அதுக்கப்புறம் இன்னும் மோசமாயிடுச்சு."

"அப்ப நாலு மடங்காக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அவன் நிஜமாகவே ஆக்கினான் என்பதைப் பத்து நிமிடத்தில் தமிழ்மொழி சொல்லித் தெரிந்துகொண்டாள். மூன்றாம் கேட்டில் இப்போது ஒரு லாரிக்கு இருபது நிமிடம் ஆகிறதாம்.

பன்னிரண்டு அடிக்கும்போது தமிழ்மாறன் கூப்பிட்டான். மூன்று மாதத்தில் முதல் தடவை.

"செல்வி, நல்லாருக்கியாம்மா? வெயிலு ஜாஸ்தியா இருக்கு. நல்லா தண்ணி குடி."

"குடிக்கிறேண்ணே."

"வூட்டுல தண்ணி வருதா?"

"வருது."

"ஓனரு நல்ல மாதிரிதானே?"

"அண்ணே, எத்தினி லாரி போயிருக்கு?"

அந்தப் பக்கம் ஹாரன்கள் கேட்டன. அப்புறம் குரல் இறங்கியது.

"எம்பத்தெட்டு. அந்தக் காசிநாதன் பந்தல்லயே உக்காந்து வாட்ச்சப் பாத்துக்கிட்டு இருக்கான். கோவத்த மனசுல வெச்சிக்காத தங்கச்சி. இது அப்பா யார்டு."

"யார்டு அப்பாவுது. சாஃப்ட்வேர் யாருது?"

"அது... நம்ம கம்பெனியோடது."

"மைக்கு பக்கத்துலதானே இருக்கு? அத எடுத்து, இந்த சாஃப்ட்வேரச் செஞ்சது என் தங்கச்சி வெற்றிச்செல்வின்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க. எட்டு வருசமா சொல்லாதத ஒரு தடவ சொல்லுங்க. தமிழ்மொழி போன்ல நான் கேட்டுக்கிறேன். அடுத்த நிமிசம் என்ன பண்ணணும்னு சொல்லிடுறேன்."

"இவ்ளோதானா?" என்றான் தமிழ்மாறன். அந்த 'இவ்ளோதானா'வில் இருந்த நிம்மதியை அவள் கவனித்திருக்க வேண்டும். ஆசை காதை அடைத்துவிட்டது.

தமிழ்மொழி போனை ஸ்பீக்கர் பெட்டிக்கு அருகே தூக்கிப் பிடித்தாள். துறைமங்கலம் வீட்டின் சமையலறையில் நின்றபடி செல்வி கேட்டாள்.

"வணக்கம், வணக்கம். டிரைவர் சகோதரர்களே, பெருமக்களே." அண்ணனின் மேடைக் குரல். "தாமதத்துக்கு வருந்துகிறோம். ஒரு உண்மைய நான் மறைக்க விரும்பல. இந்த சாஃப்ட்வேரச் செஞ்சது என் தங்கச்சி வெற்றிச்செல்வி."

செல்வி கண்ணை மூடிக் கேட்டாள். ஒரே ஒரு நொடிதான்.

"பொம்பளப் புள்ள, ஆசைப்பட்டு எழுதுச்சு. நானும் பாசத்துல விட்டுட்டேன். அதுல உள்ள கோளாறுதான் இன்னிக்கு நம்ம எல்லாரையும் வெயில்ல நிக்க வெச்சிருக்கு. தங்கச்சியா இருந்தாலும் தப்பு தப்புதானுங்களே! அண்ணன்ங்கற முறையில அவளுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

கைதட்டினார்கள். தங்கைக்காக மன்னிப்புக் கேட்கிற அண்ணனுக்கு யார்தான் கைதட்ட மாட்டார்கள்?

தமிழ்மொழி போனில் மூச்சு வாங்கினாள். "அக்கா, கேட்டியா? எப்படிப் பேசுறாரு பாத்தியா? இப்ப என்னக்கா பண்ணப் போற?"

அண்ணன் வாயில் அவள் பெயர் எட்டு வருடம் கழித்து வந்திருந்தது. ஓடிய நாளெல்லாம் அண்ணனுக்கு, நின்ற ஒரு நாள் மட்டும் அவளுக்கு.

"ஒண்ணும் சொல்லாத," என்றாள் செல்வி. "நான் நேர்ல வரேன்."

அடுப்பை அணைத்தாள். புடவையை மாற்றினாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற மாம்பழ நிறப் பட்டு. பஸ் ஸ்டாண்டில் பார்த்தவர்கள் எங்கே விசேஷம் என்று கேட்டார்கள். "அரியலூர்ல," என்றாள்.

அரியலூருக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் பஸ் நின்றுவிட்டது. இடது பக்கம் கண்ணுக்கு எட்டியவரை லாரிகள். கண்டக்டர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"நவுராது. எவளோ ஒருத்தி கம்ப்யூட்டர்ல தப்பா எழுதி வெச்சிட்டாளாம். மைக்குல சொன்னாங்களாம்."

செல்வி இறங்கி நடந்தாள்.

இரண்டு கிலோமீட்டரும் அவளைத் திட்டும் சத்தத்தின் ஊடாகத்தான் நடந்தாள். டிரைவர்கள் லாரிகளின் அடியில் துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். வாட்டர் பாக்கெட் காலி. ஒருவன் சொன்னான்: "பொம்பளைங்கள எல்லாம் இதுல வுட்டா இப்படித்தான்." இன்னொருவன்: "பாவம் அந்த அண்ணன், தங்கச்சிக்காக மன்னிப்புக் கேக்கறாரு." பட்டுப்புடவைக்காரி கடந்து போவதைப் பார்த்துக் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அவ்வளவுதான் மரியாதை.

யாரிடமும் அவள் நின்று விளக்கவில்லை. ஒவ்வொரு வசவையும் வாங்கி, போய்ச் சேர வேண்டிய முகவரியை அதன் மேல் மனதில் எழுதி வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் கேட்டில் ஸ்கேனர் பிடித்துக்கொண்டு ஆண்டாயி நின்றிருந்தாள். எட்டு வருடத்துக்கு முன் செல்வியே பழக்கிவிட்ட பெண். உதடு வெடித்திருந்தது.

"வந்துட்டீங்களா செல்விம்மா! காலைலேர்ந்து ஒண்ணுக்குக்கூடப் போவல. இந்த டிரைவர் வாயில என்னென்ன வருதுங்கறீங்க? என் ஆத்தா வரைக்கும் இழுத்துட்டானுவ. ஸ்கேன் பண்ணினா அந்த வட்டம் உருளுது உருளுது, உருண்டுகிட்டே கெடக்கு."

ஒன்பது நாற்பதுக்கே கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் இவள் இப்படி நிற்க வேண்டியதில்லை. தோசை சுட்ட நேரம் செல்விக்கு ஞாபகம் வந்தது. பழிக்கு இப்படி அடுத்தவர் கட்டுகிற செலவு ஒன்று இருப்பதை அவள் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

"போயிட்டு வா ஆண்டாயி. நான் பாத்துக்கிறேன். போ."

பந்தலில் மூன்று ஏர்கூலர்கள், நாற்காலிகளுக்கு வெள்ளை உறை, வாழை மரம். மேடையின் பின்னால் கல்யாண மண்டபத்தில் வாடகைக்கு எடுத்த இருபதடி எல்.இ.டி. திரை. அதில் தமிழ்மாறனின் புன்னகை ஐந்து நொடிக்கு ஒரு முறை மாறி மாறி வந்தது. முதல் வரிசையில் காசிநாதன், மடியில் ஒரு ஃபைல்.

"தங்கச்சி வந்துட்டா!" என்று தமிழ்மாறன் கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னான். பக்கத்தில் வந்ததும், "எதுக்குப் பட்டு?" என்றான்.

"நீங்க கூப்புட்ட விசேஷமாச்சே."

காசிநாதன் எழுந்தார். "நீங்கதானாம்மா இத எழுதுனது? மணி ரெண்டரை. நூத்திப் பதினஞ்சு லாரி போயிருக்கு. உங்கண்ணன் எல்லாத்துக்கும் நீங்கதான் காரணம்ங்கறாரு."

"அது கம்ப்யூட்டருக்கே தெரியும் சார். அதையே கேட்டுருவோம். அண்ணே, அந்தப் பெரிய திரைய எனக்கு ரெண்டு நிமிசம் குடுங்க."

பெரிய திரை என்றதும் தமிழ்மாறனுக்குத் தயக்கம் பாதி கரைந்துவிட்டது. பெரிதாகத் தெரியப் போவது தன் கம்பெனிதானே? "குடு மாப்ள," என்று பாலாஜிக்குக் கைகாட்டினான். ஸ்வெட்டரோடு பாலாஜி வயரைத் தன் லேப்டாப்பில் மாட்டி அவளிடம் கொடுத்தான். வெளியே நாற்பது டிகிரி.

செல்வி லேப்டாப்பில் ஒரு பக்கத்தைத் திறந்தாள். எந்த லாரி எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்ப்பதற்காக அவள் முதல் வருடமே எழுதிவைத்த பக்கம். பாலாஜிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்திருந்தால் அதிலும் போட்டோ வந்திருக்கும்.

இருபதடி உயரத்தில் தமிழில் வரிகள் இறங்கின.

கேட் 1, காத்திருப்பது: எம்.டி. தட்டு.

கேட் 2, காத்திருப்பது: எம்.டி. தட்டு.

கேட் 3, காத்திருப்பது: எம்.டி. தட்டு.

வரி இறங்கிக்கொண்டே இருந்தது. பதினாறு கேட்டும் முடிந்து, மறுபடி முயற்சி செய்த லாரிகள், அதற்கும் மறுபடி முயற்சி செய்தவை. திரை நிறைய ஒரே பதில். வாழை மரத்துக்கு அப்பால் நின்ற டிரைவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தான். இரண்டாவது வரியை நாலு பேர் படித்தார்கள். பத்தாவது வரியைக் கூட்டமே படித்தது.

"தமிழ்மாறன்," என்றார் காசிநாதன், "எல்லா லாரியும் உங்களுக்காகத்தான் நிக்குது போலிருக்கே?"

"சார், அது ஒரு சென்டிமென்ட். எங்கப்பா கை..."

"இது எப்பச் சேத்தது?" என்று செல்வியைக் கேட்டார்.

"மூணு மாசம் முன்னாடிங்க. நான் போனதுக்கப்புறம். அண்ணன் ரூமு டி.வி.யில எண்ணு ஏறுறதுக்காக. ஒரு லாரி முழுசா முடிச்சு அண்ணனுக்கு மணி அடிச்சாத்தான் அடுத்த லாரிக்கு வழி. பிராசஸர் அறுபத்து நாலு இருந்தாலும், ஆறாயிரம் இருந்தாலும், எல்லாம் அந்த ஒத்தத் தட்டுக்குத்தான் கையக் கட்டிக்கிட்டு நிக்கும்."

பாலாஜி முன்னால் வந்தான். "சார், நூத்தி இருபத்தெட்டு பிராசஸருக்கு ஆர்டர் போட்டாச்சு. அது வந்துட்டா..."

"இன்னும் அறுபத்து நாலு பேரு கூட நின்னு வேடிக்கை பாப்பாங்க," என்றாள் செல்வி. பந்தலுக்கு வெளியே விசில் பறந்தது.

"எடுத்துடும்மா அத. சீக்கிரம்," என்றார் காசிநாதன்.

"நான் எடுக்க மாட்டேங்க. எம்.டி. தட்டு. எம்.டி.தான் எடுக்கணும்." லேப்டாப்பை மேடை விளிம்புக்கு நகர்த்தினாள். "எண்ணிக்கை வேணும்னா நிமிசத்துக்கு ஒருக்கா தனியா எண்ணிப் பாத்துக்கலாம், லாரி நிக்க வேண்டியதில்ல. அதையும் இப்பவே எழுதி வெச்சிட்டேன். இந்தப் பட்டன் மட்டும்தான்."

தமிழ்மாறன் அவள் காதருகே குனிந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடியே பேசும் கலையில் அவன் தேர்ந்தவன். "செல்வி. ரூமுக்கு வா. நாலு பேரு முன்னாடி வேணாம்."

"என்னை நாலு பேரு முன்னாடிதானேண்ணே திட்டுனீங்க?"

"நான் திட்டலம்மா, மன்னிப்புக் கேட்டேன்."

"அதத்தான் சொல்றேன். அமுக்குங்க."

"நிமிசம் லேட்டாவா எனக்குத் தெரியணும்? என் யார்டுல எத்தினி லாரின்னு?"

"ரெண்டு நாப்பது," என்றார் காசிநாதன் பொதுவாக.

மோதிரம் போட்ட விரல் கீழே இறங்கியது. இருபதடி திரையில் அந்த விரலுக்காகக் காத்திருந்தவர்களின் பட்டியல் ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு அவன் அமுக்கினான்.

முதலில் எதுவும் கேட்கவில்லை. அதுவே செய்தி: காலையிலிருந்து அவ்வப்போது அடித்துக்கொண்டிருந்த 'டங்' நின்றுவிட்டது. சர்வர் அறையில் ஊளையிட்டுக்கொண்டிருந்த விசிறிகள் தணிந்தன. பாலாஜி கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அலறினான்.

"மாமா! மீட்டர் இறங்கிடுச்சு! நூறுலேர்ந்து இருபதுக்கு வந்துடுச்சு! சர்வர் படுத்துடுச்சு மாமா!"

அதே நேரம் திரையில் வரிகள் கீழிருந்து மேலாக உதிரத் தொடங்கின. அப்புறம்தான் இன்ஜின்கள். பதினாறு கேட்டிலும் ஒரே நேரத்தில் லாரிகள் உறுமிக்கொண்டு நகர்ந்தன. புழுதி பந்தலுக்குள் வந்து வெள்ளை உறைகளின் மேல் அமர்ந்தது. ஆண்டாயியின் ஸ்கேனர் கூவும் சத்தம் இங்கேவரை கேட்டது.

"அது படுக்கல," என்றாள் செல்வி பாலாஜியிடம். "இப்பத்தான் வேல செய்யுது. இத்தனை நேரம் மூச்சு வாங்குனத நீ வேலன்னு நெனச்சிட்ட."

லாரிகள் மேடையைத் தாண்டிப் போகும்போது டிரைவர்கள் ஜன்னலில் தலையை நீட்டிக் கூவினார்கள். "தட்டு! ஏ எம்.டி. தட்டு!" தமிழ்மாறன் முதல் நாலு பேருக்குக் கையசைத்தான். ஐந்தாவது ஆள் கூவும்போதுதான் அது வாழ்த்து இல்லை என்று அவனுக்கு விளங்கியது. அந்தப் பெயர் அவன் சாகும்வரை போகாது. அரியலூர் லாரிக்காரர்கள் வைத்த பெயர் எதுவும் போனதில்லை.

செல்வி ஒரு நாற்காலியை எடுத்து, உறையை உருவிப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

மூன்று ஐம்பதுக்கு அறுநூறாவது லாரி உள்ளே போனது.

காசிநாதன் அவள் பக்கத்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒப்பந்தம் குடுத்துடலாம்மா. நாளையிலேர்ந்து நீங்களே இத ஏத்து நடத்துறதா இருந்தா உங்க பேருக்கே குடுக்க எங்க மேலிடத்துல பேசியிருப்பேன். ஆனா நீங்கதான் வழிய அடைச்சு வெச்சிருக்கீங்களே."

"நானா?"

ஃபைலைத் திறந்து, ஒப்பந்தப் பேப்பர்களோடு தமிழ்மாறன் கொடுத்திருந்த ஒரு தாளை நீட்டினார். முத்திரைத்தாள். 'மேற்படி மென்பொருளில் எனக்கு எவ்வித உரிமையும் இல்லை. முழு உரிமையையும் என் அண்ணன் தமிழ்மாறனுக்கே விட்டுக்கொடுக்கிறேன்.' தேதி பிப்ரவரி பதினெட்டு. அடியில் வெற்றிச்செல்வி.

கையெழுத்து அவளுடையதுதான். போலி இல்லை. பேனா கொஞ்சம் நடுங்கியிருந்தது, அவ்வளவுதான்.

பிப்ரவரி பதினெட்டு. டைபாய்டு. நூற்று மூன்று டிகிரி. கையில் குளுக்கோஸ் ஊசி. யாரோ தோளை அணைத்துத் தூக்கி உட்காரவைத்து, "இன்சூரன்ஸ் பேப்பரு, இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு," என்று விரலால் இடம் காட்டியது. அதற்குப் பத்தாவது நாள்தான் அண்ணன் அவளை வெளியே அனுப்பினான். கண்ணே தெரியாத காய்ச்சலிலும், பேப்பரைக் காட்டிய அந்தக் குரல் மட்டும் தெரிந்தது. மூன்று நாளாகப் பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சி ஊட்டிய குரல்.

செல்வியின் கண் தாளின் அடிக்குப் போனது. சாட்சி: தமிழ்மொழி.

மேடையில் தமிழ்மாறன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு முதல் தடவையாக, யாருக்கும் காட்டாத ஒரு சிரிப்புச் சிரித்தான்.

"இதுக்கு ஒரு நகல் குடுங்க சார்," என்றாள் செல்வி.

"எடுத்துக்குங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள இத எதுத்து ஏதாச்சும் காட்டுனீங்கன்னா நான் காத்திருப்பேன். அதுக்கு மேல முடியாதும்மா. கையெழுத்து ஆயிடும்."

நகலை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

பந்தலின் அந்தக் கோடியிலிருந்து தமிழ்மொழி ஓடிவந்தாள், இரண்டு கையிலும் ரோஸ்மில்க்.

"அக்கா! அவரு மூஞ்சியப் பாத்தியா? போட்டு ஒடச்சிட்டக்கா! காலைலேர்ந்து நான் எத்தினி தடவ உனக்குப் போன் பண்ணிச் சொன்னேன், எல்லாம் வீண் போவல. இந்தா, குடி. நாக்கு வறண்டு போயிருக்கும்."

செல்வி வாங்கினாள். காலை ஒன்பது நாற்பதிலிருந்து அந்தப் போன் சொன்னதையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தாள். அதைவிட, அண்ணன் காதுக்குப் போகும் என்று தெரியாமல் தான் அந்தப் போனில் சொன்னதையெல்லாம்.

ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

"மொழி, இன்னிக்கு நீ அண்ணன் வூட்டுக்குப் போவாத. என்கூட துறைமங்கலம் வா."

"என்னக்கா விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. நாம ரெண்டு பேரும் ஒக்காந்து பேசி எத்தினி நாளாச்சு?"

"வரேன்க்கா. சந்தோஷமா வரேன்."

ரோட்டைக் கடக்கச் செல்வி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். பெரம்பலூர் பஸ் தூரத்தில் தெரிந்தது.

"வலிக்குதுக்கா," என்றாள் தமிழ்மொழி சிரித்துக்கொண்டே.

செல்வி விடவில்லை. நாளை மத்தியானம் வரை விடுவதாகவும் இல்லை.